பதினொரு செக்கன்

பெல்ட் பூட்டினது மலிவு என்றார்கள்.
மலிவைத்தான் வாங்கினேன் முதலில்.
விரலால் தட்டை நிறுத்தினால்
அடியில் மோட்டரும் சோர்ந்துவிடும்;
விரலை எடுத்தால்
பாயில் இருந்து எழும்ப மறுக்கிற பிள்ளையாய்
பாட்டு இழுபட்டு இழுபட்டு வரும்.

மறுகா, சாய்ந்தமருது இன்ஷாப்பிடம் போனேன்.
கலியாண வீடுகளுக்குச் சவுண்ட் கட்டுகிறவர்.
கட்டாரில் மூடின ஒரு ஹோட்டலின் மெசின்,
பெல்ட் இல்லை, மோட்டரே அச்சு,
விட்டால் அரைச் சுற்றுக்குள் வேகம் பிடிக்கும்.
"இதுக்குச் சோடி?"
"கப்பல்ல வரக்குள்ள உடைஞ்சிட்டு புள்ள.
ஒண்டுதான் கிடக்கு."
ஃபிரிட்ஜுக்கென்று கட்டின சீட்டுக் காசு
அவர் மேசையில்.
அறையைப் பங்குபோடும் லோஜிதா
இரண்டு கிழமை மீன் வாங்கவில்லை,
என்னோடு கதைக்கவும் இல்லை.

ஊசிக்கு மூன்று கிராம் பாரம்.
கூடினால் தட்டைத் தின்னும், குறைந்தால் துள்ளும்.
அளக்க வழியில்லாமல்
மெசினைப் படுக்கை விரிப்பால் சுற்றி ஆட்டோவில் ஏற்றி
நகைக்கடைக் கவுண்டரில் இறக்கினேன்.
தராசில் ஊசி மெல்லக் குந்தியது.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
கடைக்காரர் கேட்டார், "உள்ளுக்க என்ன கல்லு?"
"வைரம் அண்ணன்."
சிரித்தார்.
பொய்யில்லை. தூசியளவு வைரம்.

அந்த இரவே ஸ்பீக்கரில் ஒரு முனகல்.
"பாடும் மீன் வீட்டுக்கே வந்திட்டு"
பதினைந்து நாளுக்குப் பிறகு லோஜிதா வாய் திறந்தாள்.
எர்த் வயரைத் திருகாணிக்குக் கீழே நெரித்தேன்.
மீன் செத்தது.
கல்முனை பஸ் போகும்போதெல்லாம் ஊசி குதித்தது;
ஸ்கூட்டர் டியூப் இரண்டுக்குக் காற்றடித்து
மெசின்களுக்கு அடியில் வைத்தேன்.

பகலில் நான் பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
மூச்சைப் பிடிங்க. அசைய வேணாம். விடலாம்.
கழித்துப்போட்ட படமொன்றை வட்டமாக வெட்டி
தட்டு வழுக்குவதற்கு
ஃபெல்ட் துணிக்குக் கீழே போட்டிருக்கிறேன்.
யாரோ ஒருவரின் முழங்கால்
கல்லடியில், இரவெல்லாம் சுற்றுகிறது.

இடக் காதில் அடுத்த பாட்டு, வலக் காதில் அறை.
பெல்ட்டில் பெயர் கிழிந்த ஒரு சினிமாத் தட்டு,
மற்றதில் பறங்கியர் வீட்டுக் கபிறிஞ்ஞா.
இரண்டும் மும்மூன்றாய் நடக்கிறவை என்பதால்
சுகமென்று நினைத்தேன்.
புது மெசினின் விளிம்பில் சின்னப் புள்ளிகள்;
வேகம் சரியென்றால்
சுற்றிக்கொண்டே அவை அசையாமல் நிற்கும்.
காதுக்கு அப்படிப் புள்ளி இல்லை.
தபேலா முந்தும், ரபான் பிந்தும்,
சப்பாத்துக்குள் கல் புகுந்த ஒருவன்
மாடிப்படி இறங்குகிற சத்தம்
நாலு மாதம்.
பிட்ச் கட்டையை மயிரளவு தள்ளு.
கூடிப்போச்சு. இழு.
எது பிந்துகிறது என்றே தெரியாத இரவுகளில்
இரண்டையும் நிறுத்திவிட்டு
குளிர்தண்ணி இல்லாத வீட்டில் பிளேன்டீ குடித்தேன்.

டச்பாரில் மெல்றோயின் மகளுக்கு முதலாம் பிறந்தநாள்.
"ஃபோன்லயே போடலாமே அக்கா?" என்றாள் ஒருத்தி.
தலையாட்டிக்கொண்டே ஹெட்ஃபோனை அமத்தினேன்.
ரபான் முந்துகிறது. இந்தமுறை தெரிந்தது.
கட்டையைத் தொடவில்லை;
தட்டின் ஓரத்தை விரல் நுனியால் சற்றுத் தடவினேன்,
அது தாமதித்தது,
தபேலா வந்து சேர்ந்தது.
ஒன்று. இரண்டு. மூன்று.
யாரும் திரும்பவில்லை. மெழுகுதிரி தேடினார்கள்.
மெல்றோயின் கால் மட்டும்
எந்தப் பாட்டுக்கு ஆடுவதென்று கேட்காமல் ஆடியது.
பதினொன்று.
பன்னிரண்டில் பெல்ட் சோர்ந்தது.

அடுத்த நாள் காலை டியூட்டி.
ஏறாவூர்க்காரர் ஒருவர், நெஞ்சுப் படம்.
மூச்சைப் பிடிங்க என்றேன்,
பொத்தானை அமத்தினேன்,
எண்ணிக்கொண்டு நின்றுவிட்டேன்.
கண்ணாடிக்கு அப்பால்
தோள் உயர்ந்தபடி அவர்.
பிறகு, நெரிந்த குரலில்:
"மிஸ், விடட்டா?"